புதியதெல்லாம் பெரியதா?

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. நேற்று ஆசையோடு வாங்கிய பொருள் இன்று பழசாகி, நாளை பரணில் ஏறி விடுகிறது. "புதிதாக வந்ததே சிறந்தது" என்று விளம்பரம் சொல்கிறது, கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டாரும் சொல்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயன்றோம். அப்பொருள் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு.

"பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன வேலை?" என்று சிலர் புன்னகை புரியலாம். காரணம் இருக்கிறது. அண்ணன் கல்லூரியில் சேர்ந்ததும் அவனுக்குப் புதிய லேப்டாப் வாங்கப்படுகிறது. அவன் அதுவரை பயன்படுத்திய மேசைக் கம்ப்யூட்டர் தங்கைக்கு வந்து சேர்கிறது. வரும்போதே, "அது பழசு, ஒன்றுக்கும் உதவாது, ஆனால் உனக்கு இது போதும்" என்ற சொல்லும் கூடவே வருகிறது. எங்கள் வகுப்பிலேயே பலர் வீட்டில் நடந்த கதைதான் இது. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். பழையது ஒன்றுக்கும் உதவாது என்பது முதல் தவறு. ஒன்றுக்கும் உதவாதது பெண் பிள்ளைக்குப் போதும் என்பது இரண்டாவது தவறு. இரண்டையும் முறையாகப் பார்ப்போம்.

முதலில், கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது? சாதாரணமான ஒரு கம்ப்யூட்டர் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். படம் அசைவது போலத் தோன்ற, ஒரு விநாடிக்கு 60 முறை திரையைப் புதிதாக வரைய வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்! கம்ப்யூட்டரின் மூளை எனப்படும் பிராசசர், கடினமான கணக்கை விரைவில் போடும் கணித ஆசிரியை போன்றது. ஆனால் ஒரே ஆசிரியை எத்தனை கோடிக் கணக்குகளைப் போட முடியும்? கிராபிக்ஸ் கார்டோ, மைதானத்தில் வரிசையாக அமர்ந்து ஆளுக்கு ஒரு சிறு கூட்டல் கணக்கை ஒரே நேரத்தில் போடும் ஆயிரக்கணக்கான மாணவியர் போன்றது. சிறு கணக்குகள் ஏராளமாக இருக்கும்போது, அந்த மைதானமே வெல்லும். 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட என்விடியா நிறுவனம், 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டு, அதை உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்தது. அன்று தொட்டு இந்த மைதானம் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

இப்போது நம் இல்லங்களில் காணப்படும் இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2016 ஜூலையில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060. மேசைக் கம்ப்யூட்டருக்கு உரியது. 6 ஜிபி நினைவகம் கொண்டது. மற்றொன்று, 2021-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3050. லேப்டாப்புக்கு உரியது, 4 ஜிபி நினைவகம் கொண்டது. இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டு இடைவெளி. 1060 என்ற எண்ணையும் 3050 என்ற எண்ணையும் அருகருகே வைத்தால், பின்னது மூன்று மடங்கு வல்லமை உடையது என்றே எவரும் நினைப்பர். உண்மை அதுவன்று.

நினைவகத்தைப் பாருங்கள். பழையதில் 6 ஜிபி. புதியதில் 4 ஜிபி. வரைய வேண்டிய படங்களையும் பொருள்களையும் கார்டு இந்த நினைவகத்தில்தான் அடுக்கி வைத்துக்கொள்கிறது. இடம் போதாவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்தில் வைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் எடுத்துவர வேண்டும். இந்த இரண்டு கார்டுகளும் தம் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 192 ஜிபி வரை எடுக்க வல்லவை. வெளியே உள்ள பொது நினைவகத்திலிருந்தோ விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான் வந்து சேரும். சமையலறை அலமாரியில் இருக்கும் உப்புக்கும், தெருக்கோடிக் கடையில் இருக்கும் உப்புக்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவே பெரிய படங்களைக் கையாளும் வேலையில், ஐந்து ஆண்டு மூத்த கார்டு தடுமாறாமல் செல்லும் இடத்தில் இளைய கார்டு திக்கித் திணறுவது உண்டு. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நம் பெரியோர் சும்மாவா சொன்னார்கள்!

அடுத்து, கணக்கிடும் உறுப்புகள். பழையதில் 1280, புதியதில் 2048. இங்கே புதியது வென்றுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. 2020-இல் தொடங்கிய ஆம்பியர் தலைமுறையில் எண்ணும் முறையே மாறிவிட்டது. அத்தலைமுறையில் உறுப்புகளில் பாதி, தசமக் கணக்கையும் முழு எண் கணக்கையும் மாறி மாறிச் செய்ய வேண்டியவை. ஆயினும் அவை முழு உறுப்புகளாகவே எண்ணப்படுகின்றன. இரு வேறு பள்ளிகளின் மதிப்பெண்களை, வினாத்தாளைப் பார்க்காமல் ஒப்பிடலாமா? அது போலத்தான் இதுவும்.

மூன்றாவது, மின்சாரம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். பழைய 1060 கார்டு முழு வேகத்தில் உழைக்கும்போது 120 வாட் வரை எடுத்துக்கொள்கிறது. அதன் வெப்பத்தைப் போக்கப் பெரிய உலோகத் தகடுகளும், மின்விசிறிகளும், காற்றோட்டமுள்ள பெரிய பெட்டியும் உள்ளன. லேப்டாப்பில் இருக்கும் 3050-க்கு அந்த வசதி ஏது? அதற்குக் கிடைப்பது 35 வாட் முதல் 80 வாட் வரை. எத்தனை வாட் என்பதை முடிவு செய்வது லேப்டாப்பைத் தயாரிக்கும் நிறுவனம். ஒல்லியாகவும் அழகாகவும் இருக்கும் லேப்டாப்பில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. ஆதலால் வாட்டும் குறைவு. சற்றுத் தடித்த லேப்டாப்பில் வாட் கூடுதல். 80 வாட் பெறும் 3050, நினைவகம் போதுமான வேலைகளில் பழைய 1060-ஐ எட்டிப் பிடித்து, சற்று முந்தியும் செல்லும். 35 வாட் மட்டுமே பெறும் 3050 அதே வேலையில் பின்தங்கிவிடும். இரண்டு பெட்டிகளின் மீதும் ஒட்டப்பட்டிருக்கும் பெயர் ஒன்றே!

இப்படிப் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது இந்த ஒரு கார்டோடு நிற்கவில்லை. 2016-க்கு முன்பு லேப்டாப் கார்டின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருந்தது. 980 வேறு, 980எம் வேறு என்று வாங்குவோர் எளிதில் அறிந்தனர். 2016-இல் அந்த எழுத்து நீக்கப்பட்டது. அப்போது அதில் நியாயமும் இருந்தது. ஏனெனில் லேப்டாப்பில் வந்த 1060-இலும் மேசைக் கார்டில் உள்ள அதே 1280 உறுப்புகள் இருந்தன. பின்னர் இடைவெளி மீண்டும் விரிந்தது. 2022 அக்டோபரில் வந்த மேசைக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 உறுப்புகளும் 24 ஜிபி நினைவகமும் உள்ளன. அது 450 வாட் வரை எடுக்கும். 2023 பிப்ரவரியில் அதே 4090 என்ற பெயரோடு லேப்டாப்பில் வந்ததில் 9,728 உறுப்புகளும் 16 ஜிபி நினைவகமுமே உள்ளன. வாட் 150 வரைதான். 'லேப்டாப் ஜிபியு' என்ற சொற்கள் பெயரோடு சேர்க்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் கடையில் பேசும்போது அந்தச் சொற்கள் காணாமல் போய்விடுகின்றன. எண் மட்டும் நிற்கிறது. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நம் பெற்றோர், அந்த எண்ணை நம்பியே வாங்குகின்றனர்.

இதனால், லேப்டாப் வாங்குவதே வீண் என்று நாங்கள் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நடுநிலை தவறாமல் அதன் சிறப்பையும் சொல்லத்தான் வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. 120 வாட்டில் செய்த வேலையைப் புதியது அதில் பாதி வாட்டில் ஏறத்தாழ செய்து முடிக்கிறது என்றால், அது விஞ்ஞானத்தின் வெற்றியே. தினமும் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் உழைத்தால், மாதத்துக்குப் பழைய கார்டு 7.2 யூனிட் மின்சாரம் எடுக்கும். 60 வாட் கார்டு 3.6 யூனிட்தான் எடுக்கும். மேலும் ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதைக் கணக்கிடவும், சிறிய படத்தை நயமாகப் பெரிதாக்கிக் காட்டவும் தனி உறுப்புகள் 2018 முதல் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் உள்ளன. பழைய 1060-இல் அவை கிடையாது. மின்சாரம் போனால் மேசைக் கம்ப்யூட்டர் அந்தக் கணமே அணைந்துவிடும். எழுதியதைச் சேமிக்காதவர் கதி அதோகதிதான். லேப்டாப்போ பேட்டரியில் ஓடும். விடுதிக்கு எடுத்துச் செல்லலாம்; மடியில் வைத்துப் படிக்கலாம். வெளியூரில் தங்கிப் படிக்கப் போகும் ஒரு மாணவிக்கு இது மிகப் பெரிய உதவி.

பழையதற்கு இன்னொரு குறையும் உண்டு. 1060 பிறந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருளைத் தயாரிப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் கூறியது. ஆகவே அது முதுமை எய்திவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதுமை வேறு, பயனின்மை வேறு அல்லவா? படம் வரைவதற்கும், பாடம் படிப்பதற்கும், பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளின் பழைய பதிப்பில் முப்பரிமாண உருவங்களைச் செய்து பழகுவதற்கும் அது இன்றும் போதும்.

எங்கள் பார்வையில் பழையதற்கு உள்ள மிகப் பெரிய பெருமை வேறொன்று. அதைத் திறக்கலாம்! மேசைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் எல்லாம் கண்முன் தெரியும். ஓரிரு திருகாணிகளைக் கழற்றி, பிடியை விடுவித்தால் கார்டு கையோடு வந்துவிடும். தூசியைத் துடைக்கலாம்; விசிறியை மாற்றலாம்; நாளை வேறு கார்டைப் பொருத்தலாம். லேப்டாப்பிலோ கிராபிக்ஸ் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கெட்டால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும். செலவோ மலைக்க வைக்கும். ஒன்று நமக்குக் கற்பிக்கிறது. மற்றொன்று நமக்காக வேலை செய்கிறது. படிக்கும் வயதில் இருப்பவருக்குக் கற்பிக்கும் பொருள் குறைந்ததா?

இனி இரண்டாவது தவறுக்கு வருவோம். "பெண் பிள்ளைக்கு எதற்குக் கிராபிக்ஸ் கார்டு? அது விளையாட்டுப் பையன்களின் பொருள்" என்று பலர் நினைக்கின்றனர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

ஃபெய்-ஃபெய் லி என்ற பெண்மணி சீனாவில் பிறந்து, பதினைந்தாம் வயதில் தாயுடன் அமெரிக்காவில் குடியேறியவர். குடும்பம் நடத்திய சலவைக் கடையில் உழைத்துக்கொண்டே படித்துப் பேராசிரியையாக உயர்ந்தவர். கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், குழந்தை பார்ப்பதைப் போல எண்ணற்ற படங்களை அதற்குக் காட்ட வேண்டும் என்று அவர் எண்ணினார். அவர் தலைமையில் திரட்டப்பட்டு 2009-இல் அறிமுகமான இமேஜ்நெட் என்ற தொகுப்பு, பின்னர் 1 கோடியே 40 லட்சம் படங்களாக வளர்ந்தது. அதை வைத்து ஆண்டுதோறும் ஒரு போட்டியும் நடந்தது. 2012-இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் அதில் பெரும் வெற்றி பெற்றனர். இரண்டாம் இடம் பெற்றவர்களின் பிழை 26.2 சதவீதம்; இவர்களுடையதோ 15.3 சதவீதம்தான். அம்மூவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2024-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வெற்றி எந்த இயந்திரத்தில் பிறந்தது தெரியுமா? கோடிக்கணக்கில் விலை பெறும் ராட்சதக் கம்ப்யூட்டரில் அன்று. கடையில் விற்கும் ஜிடிஎக்ஸ் 580 என்ற இரண்டு மேசை கிராபிக்ஸ் கார்டுகளில்! ஒவ்வொன்றிலும் நினைவகம் 3 ஜிபி. ஒன்றில் இடம் போதாமல் வேலையை இரண்டாகப் பிரித்து, 12 லட்சம் படங்களை ஐந்தாறு நாட்கள் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். "ஒன்றுக்கும் உதவாது, உனக்கு இது போதும்" என்று தங்கைக்குத் தள்ளப்படும் 1060-இல் 6 ஜிபி நினைவகம் இருக்கிறது. அந்த இரண்டு கார்டுகளிலும் சேர்த்து இருந்த நினைவகம் அது ஒன்றிலேயே உள்ளது! உலகம் இன்று வியந்து பேசும் செயற்கை அறிவு, ஒரு பெண் திரட்டிய படங்களாலும் இரண்டு விளையாட்டுக் கார்டுகளாலும் பெரும் பாய்ச்சல் கண்டது. இதன் பிறகும், இது பையன்களின் பொருள் என்று சொல்வது பொருந்துமா?

ஆகவே எங்கள் கருத்தை மூவருக்கும் தனித்தனியே பணிவுடன் கூறுகிறோம்.

பெற்றோர்களே! லேப்டாப் வாங்கப் போகும்போது எண்ணைக் கேட்டு மயங்காதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். கார்டில் நினைவகம் எத்தனை ஜிபி? அதற்குக் கிடைப்பது எத்தனை வாட்? வெப்பம் வெளியேற வழி எப்படி? பழுதானால் எதை மாற்ற வேண்டியிருக்கும்? வாட்டைக் கேட்டால் விழிக்கும் கடையில் பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அவ்வாறே, புதிய இயந்திரம் யாருக்கு என்பதைப் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவு செய்யாமல், யாருக்கு என்ன வேலை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். விடுதிக்குப் போகும் மகளுக்கு லேப்டாப் தேவையாக இருக்கலாம். வீட்டிலிருந்து படிக்கும் மகனுக்கு மேசைக் கம்ப்யூட்டரே போதுமானதாக இருக்கலாம். பழையது தங்கைக்கு வந்தால் எங்களுக்கு வருத்தம் இல்லை. "உனக்கு இது போதும்" என்ற சொல்தான் எங்களை வருத்துகிறது. "இதை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுக் கொடுங்கள். அதே பெட்டி அப்போது புதையலாகிவிடும்.

அன்புள்ள சிஸ்டர்களே, ஆசிரியைகளே! கம்ப்யூட்டர் வகுப்பில் நாங்கள் விசைப்பலகையையும் திரையையும் மட்டுமே தொடுகிறோம். உள்ளே இருப்பதைப் பாடப் புத்தகப் படத்தில் பார்க்கிறோம். பழுதான ஒரு மேசைக் கம்ப்யூட்டரை எங்களிடம் கொடுத்து, மாதம் ஒரு மணி நேரம் திறந்து பார்க்க அனுமதிக்க வேண்டுகிறோம். தவளையை அறுத்து உயிரியல் கற்ற தலைமுறை ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து விஞ்ஞானம் கற்பதில் எந்த உயிருக்கும் தீங்கில்லை! மின் இணைப்பை அகற்றிவிட்டுத் தக்க மேற்பார்வையில் செய்தால் அச்சத்துக்கும் இடமில்லை.

தோழியரே! உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஏளனம் செய்யாதீர்கள். அதில் எந்தக் கார்டு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதன் நினைவகம் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், அவனுடைய புதிய லேப்டாப்புக்கு எத்தனை வாட் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொன்னால் நல்லது, கற்றுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். அது இன்னும் நல்லது.

புதியது என்பதால் ஒன்று பெரிதாகிவிடாது. பழையது என்பதால் சிறிதாகிவிடாது. பொருளை எடை போடப் பெயரும் வயதும் போதா. அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். மனிதரை எடை போடுவதற்கும் இதுவே நேர்மையான வழி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

— பத்தாம் வகுப்பு மாணவி